கேபிளும் ஆன்டெனா ஆகும்போது: டைபோல் கோஆக்ஸில் ஓடும் வேண்டாத கரண்டை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் பயன்படும் டைபோல் ஆன்டெனாவுக்கு இரண்டு கம்பிக் கை. நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள கோஆக்ஸ் கேபிளைக் கொண்டுபோய் நடுவில் நேரடியாகக் கட்டினால் மூன்றாகிவிடும். மூன்றாவது கை, கேபிளின் வெளித்தோல், அதாவது பின்னலின் வெளிப்பக்கம்.

உயர் அதிர்வெண் கரண்ட் உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் சுமார் 0.025 மி.மீ. அதனால் பின்னல் ஒன்றாகவே இருந்தாலும் அதன் உட்பக்கம் ஒரு கம்பி, வெளிப்பக்கம் வேறொரு கம்பி. உட்பக்கமாக மேலே ஏறிய கரண்டுக்குக் கேபிள் முனையில் இரண்டு வழி தெரியும்: டைபோலின் கை ஒன்று, கேபிளின் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கீழே இறங்குவது மற்றொன்று. தடை எதில் குறைவோ அதில் அதிகம் போகும். ஹாம்கள் இதைக் காமன் மோட் கரண்ட் என்பார்கள். இங்கே சுருக்கமாக வெளிக்கரண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

வெளிவழியின் தடையை முடிவு செய்வது அதன் மொத்த நீளம். மேல்முனையிலிருந்து ரிக் (ரேடியோப் பெட்டி) வரை, ரிக்கிலிருந்து எர்த் கம்பி வழியாக மண் வரை, எல்லாம் சேர்த்து. மண்ணில் முடிகிற வழி அரை அலை நீளமோ அதன் மடங்கோ ஆனால் மேலே தடை மிகக் குறைவு, தொல்லை அதிகம். கால் அலையின் ஒற்றைப்படை மடங்கானால் தடை அதிகம், தொல்லை குறைவு. எர்த்தே இல்லாமல் பேட்டரியில் ஓடும் ரிக்குக்கு இது அப்படியே தலைகீழ். 7.1 மெகாஹெர்ட்ஸில் அரை அலை 21 மீட்டர். பிளாஸ்டிக் உறை இருப்பதால் கேபிளின் வெளிப்பக்கத்தில் அது 20 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். கேபிள் விவரத்தில் போட்டிருக்கும் 0.66 என்ற வேக எண் உட்பக்கத்துக்கு மட்டும்தான். மாடி வீடு, மொட்டை மாடியில் 6 மீட்டர் ஜி.ஐ. பைப், ரிக் கீழ்த்தளத்தில் என்றால் கேபிளும் எர்த் கம்பியும் சேர்ந்து இந்த 20 மீட்டரிலேயே வந்து நிற்பது நம்மூரில் சர்வசாதாரணம். பக்கத்துத் தெருவில் அதே டைபோல் ஒழுங்காக வேலை செய்வதும் நம் வீட்டில் மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் இந்த நீள வித்தியாசத்தால்தான்.

முதலில் அளக்க ஒரு கிளிப்

ஊகத்தில் பேலன் (டைபோலையும் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வாங்குவதற்கு முன் குறைந்த செலவில் ஒரு அளவுக் கிளிப் செய்துவிடலாம். தேவை: பிளந்து மூடுகிற கிளிப் ஃபெரைட் ஒன்று (கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப் பீங்கான்; 9 மி.மீ. துளை இருந்தால் வசதி), 28 கேஜ் எனாமல் கம்பி ஒரு மீட்டர், 47 ஓம் அரை வாட் ரெசிஸ்டர், ஓ.ஏ.79 அல்லது 1என்34 ஜெர்மானியம் டயோடு, 0.01 மைக்ரோஃபேரட் டிஸ்க் கப்பாசிட்டர், மல்டிமீட்டர்.

ஃபெரைட்டின் ஒரு பாதியில் எனாமல் கம்பியை 10 சுற்று சுற்றி, இரு முனைகளுக்கும் குறுக்கே 47 ஓமைப் போடுங்கள். ஒரு முனையிலிருந்து டயோடு. டயோடின் மறுபக்கத்துக்கும் மற்ற முனைக்கும் நடுவே கப்பாசிட்டர். கப்பாசிட்டருக்குக் குறுக்கே மல்டிமீட்டர், டி.சி. வோல்ட்டில். இரண்டு பாதிகளும் ஒட்டும் முகத்தில் டேப்போ பசையோ வரக்கூடாது. அங்கே காகித அளவு இடைவெளி விழுந்தாலே அளவு படுத்துவிடும்.

அளவு சரிபார்க்க, ரிக்குக்கும் 50 ஓம் டம்மி லோடுக்கும் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை விழுங்கும் ரெசிஸ்டர்) நடுவே கேபிளின் நடுக்கம்பி மட்டும் ஒரு சாண் வெளியே தெரியும்படி ஒரு இணைப்பு செய்து, அந்தக் கம்பியைக் கிளிப்புக்குள் விட்டு 10 வாட் கொடுங்கள். அப்போது கம்பியில் ஓடுவது 0.45 ஆம்பியர். மீட்டர் இரண்டரை முதல் 3 வோல்ட் வரை காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி முழுக் கேபிளையும் கிளிப்புக்குள் விட்டால், உள்ளே போய் வரும் கரண்ட் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வெளிக்கரண்ட் மட்டுமே மீட்டரில் தெரியும். அதே 10 வாட்டில் முள் அசையவே இல்லை என்றால் வெளிக்கரண்ட் டைபோலின் கையில் ஓடுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. டயோடு திறக்கவே அவ்வளவு வேண்டும் என்பதால் இது தானாக அமைந்த நல்ல எல்லைக்கோடு. ஒரு வோல்ட் காட்டினால் கையில் ஓடுவதில் சுமார் நாற்பது சதவீதம் கேபிளின் தோலிலும் ஓடுகிறது.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். கேபிளின் வெளியே நிற்கும் அலை இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே 10 மீட்டர். ஜன்னலருகே பூஜ்யம் காட்டுவது மாடியில் ஒரு வோல்ட் காட்டலாம். எட்டுகிற நீளம் முழுக்க, ஒரு மீட்டருக்கு ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

“கேபிளைத் தொட்டா எஸ்.டபிள்யூ.ஆர் மாறுது”

எஸ்.டபிள்யூ.ஆர் என்பது ஆன்டெனா கேபிளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம். தொடுவது, சுருட்டுவது, சுவரோரம் நகர்த்துவது, இதில் எதைச் செய்தாலும் மீட்டர் முள் ஆடினால் வெளிக்கரண்ட் இருக்கிறது. ஆடவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கரண்ட் உச்சமாக இருக்கும் இடத்தில் கை வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வோல்டேஜ் உச்சமாக இருக்கும் இடத்தில்தான் கை வித்தியாசம் காட்டும். அதனால் இரண்டு மூன்று இடத்தில், 10 வாட்டுக்கு மேல் போகாமல், உறை கிழியாத பகுதியில் மட்டும் தொடுங்கள்.

இன்னொரு சோதனை: ரிக்குக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்ப்பது. 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். 1.4 இருந்தது 2 ஆகிவிட்டால், நீங்கள் நீட்டியது மூன்றாவது கையை.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. கேபிள் டி.வி. ஆட்களிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்.ஜி.-6 போட்டவர்களுக்கு இது செல்லாது. அது 75 ஓம். நம் மீட்டரோ 50 ஓமை வைத்துக் கணக்குப் போடுவது. 50 ஓம் ஆன்டெனாவுக்கும் கால் அலை நீள 75 ஓம் கேபிளுக்கும் கீழே 112 ஓம் தெரியும், எஸ்.டபிள்யூ.ஆர் 2.25 என்று காட்டும். அரை அலையானால் மறுபடி 1. வெளிக்கரண்ட் துளியும் இல்லாமலே இந்த ஆட்டம் நடக்கும். ஃபோம் ஆர்.ஜி.-6க்கு 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலை சுமார் 8.7 மீட்டர், அரை அலை 17.3 மீட்டர். ஆர்.ஜி.-6 வைத்திருப்பவர் கிளிப்பை மட்டும் நம்புவது நல்லது.

மருந்து: டைபோலின் நடுவிலேயே ஒரு சோக், அதாவது வெளிக்கரண்டைத் தடுக்கும் கேபிள் சுருள். அதைச் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பாதிக் கோளாறுகள் சோக்கைத் தவறாகச் செய்வதிலிருந்துதான் பிறக்கின்றன.

சோக் சுற்றும் விதம்

7 முதல் 14 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே சோக்கில் முடிக்க வேண்டும் என்றால் எஃப்.டி. 240-31 என்ற ஃபெரைட் வளையம். வெளி விட்டம் 61 மி.மீ., உள் விட்டம் 35.5 மி.மீ. அதில் ஆர்.ஜி.-58 கேபிளை 12 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 செ.மீ. போகும், இரண்டு பக்கமும் ஒரு சாண் வால் விட்டால் ஒன்றேகால் மீட்டர் கேபிள் போதும். 21, 28 மெகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால் 9 அல்லது 10 சுற்று. மேலே போகப் போகச் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் கப்பாசிட்டன்ஸ் குறுக்குவழி போட்டுவிடும். அதனால் ‘அதிகம் சுற்றினால் அதிகம் நல்லது’ என்பது இங்கே எடுபடாது.

வளையத்தின் விளிம்பு கூர்மையானது. பிளம்பர் டெஃப்லான் டேப்பை இரண்டு அடுக்கு சுற்றிக்கொள்ளுங்கள். துளைக்குள் கேபிள் எத்தனை தடவை போகிறதோ அத்தனை சுற்று. வெளியே தெரிவதை எண்ணி ஒன்று குறைத்துவிடுகிறவர்கள் நிறைய. சுற்றைச் சம இடைவெளியில் பரப்பி, நுழையும் முனைக்கும் வெளிவரும் முனைக்கும் நடுவே 2, 3 செ.மீ. காலியாக விடுங்கள். இரண்டு வாலையும் சேர்த்துக் கட்டினால் கரண்ட் சோக்கைத் தாண்டிக் குதித்துவிடும். திட பாலிஎத்திலீன் நிரப்பிய ஆர்.ஜி.-58 எடுங்கள். ஃபோம் நிரப்பியதை இவ்வளவு இறுக்கமாக வளைத்தால், சூட்டில் நடுக்கம்பி மெல்ல நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும்.

தடை குறைந்தது 1,000 ஓம் வேண்டும்; 3,000க்கு மேல் போனால் மனசு நிம்மதி. நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவுக் கருவி இருந்தால் பார்த்துவிடலாம். சோக்கின் ஒவ்வொரு முனையிலும் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒன்றாக முறுக்கி, ஒரு முனையை முதல் போர்ட்டின் நடுப்பின்னுக்கும் மறுமுனையை இரண்டாம் போர்ட்டின் நடுப்பின்னுக்கும் கொடுங்கள். இணைப்புக் கம்பி 2, 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம். குறுக்கே போகும் சிக்னல் 20 டி.பி. குறைந்தால் தடை சுமார் 900 ஓம், 26 டி.பி. என்றால் 1,900, 30 டி.பி. என்றால் 3,000.

வளையம் கிடைக்கவில்லை என்றால் ஆக்கர் கடையில் பழைய பிக்சர் டியூப் டி.வி.யின் டிஃப்ளெக்‌ஷன் யோக்கைத் தேடுங்கள். செம்புக் கம்பியை உரித்துவிட்டால் உள்ளே பெரிய ஃபெரைட் வளையம், இரண்டு பாதியாக கிளிப் போட்டு நிற்கும். கலவை தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி மாறும் என்பதால் 8 முதல் 10 சுற்று போட்டு அளந்து பார்த்தபின்தான் மேலே ஏற்ற வேண்டும். மல்டிமீட்டரின் ஊசிகளை அதன் மேற்பரப்பில் குத்தினால் கிலோ ஓம் கணக்கில் ஏதாவது காட்டினால் அது மாங்கனீஸ்-துத்தநாக வகை. 7 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழேயும் தேற வாய்ப்பு அதிகம். ஒன்றுமே காட்டாவிட்டால் நிக்கல்-துத்தநாகம்.

கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்த மஞ்சள்-வெள்ளை வளையத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது இரும்புத் தூள். பார்க்க அம்சமாக இருக்கும், சோக்காக ஒன்றுக்கும் உதவாது.

ஒரே பேண்டு போதும், செலவே வேண்டாம் என்றால் காற்றுச் சோக். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 4 இன்ச் பி.வி.சி. பைப்பில் ஆர்.ஜி.-58 ஒரே அடுக்காக 7 அல்லது 8 சுற்று. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 4.6 மீட்டர் கேபிளை 24 செ.மீ. விட்டத்தில் 6 சுற்று. ஒரு பெயின்ட் வாளி அளவு. குவியலாகச் சுருட்டிக் கட்டாமல் பக்கம் பக்கமாக அடுக்குங்கள். இதன் தடை சுருள் வகை, ஃபெரைட்டைப் போல் சூடாகி விழுங்கும் வகை அல்ல. கேபிளின் நீளம் கப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும் வீட்டில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து, வெளிக்கரண்ட் முன்பைவிட ஏறியும் போகும். ‘சோக் போட்டதும் மோசமாச்சு’ என்று வரும் புகாரில் முதலில் கேட்க வேண்டியது: காற்றுச் சோக்கா?

“மைக் உதட்டுல கடிக்குது, குரல் கரகரன்னு போகுதுன்னு சொல்றாங்க”

ரிக்கின் உடம்பிலேயே ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அதிர்வெண் வோல்டேஜ், நிற்கிறது. மாடியில் ரிக் வைத்து, ‘நல்ல எர்த்’ என்று கீழே குழி வரை 5 மீட்டர் கம்பி இழுத்தவர்களுக்கு 14 மெகாஹெர்ட்ஸில் இது அடிக்கடி வரும். காரணம் எளிது: 14.2 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 5.3 மீட்டர். கீழ்முனை மண்ணில் இருந்தால் மேல்முனை, அதாவது ரிக் இருக்கும் முனை, உச்ச வோல்டேஜில் நிற்கும். எர்த் கம்பியைத் தடிமனாக்கினால் சரியாகும் என்று கிளம்புவது வீண். குழியில் இன்னும் ஒரு மூட்டை கரியும் உப்பும் கொட்டினாலும் இந்தக் கடி போகாது. அது மின்சாரப் பாதுகாப்புக்கான எர்த், ஆர்.எஃப். கணக்கு வேறு.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்: மேலே சோக். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக், அதே 12 சுற்று. பிறகும் மிச்சம் இருந்தால் மைக் வயரில் கிளிப் ஃபெரைட், இரண்டு மூன்று சுற்று. அவசரத்துக்கு ரிக்கின் எர்த் திருகிலிருந்து உறை போட்ட 5 மீட்டர் கம்பியைத் தரையோரம் ஓட்டினாலும் கடி அடங்கும். ஆனால் அந்தக் கம்பியின் நுனி உச்ச வோல்டேஜில் இருக்கும். நுனியை நன்றாக டேப் சுற்றி, பிள்ளைகள் கை படாத மூலையில் விடுங்கள்.

எர்த் பின்னை வெட்டி எறிந்தால் ஹம் போகும், கடி போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவர் சப்ளையில் ஒரு கசிவு வந்தால் ரிக்கின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். ஆன்டெனாவுக்குத் தனியாக எர்த் ராடு அடித்தால் அதை வீட்டு எர்த்தோடு இணைத்தே வைக்க வேண்டும்.

“பி.டி.டி. அழுத்தினா காலிங் பெல் அடிக்குது, லேப்டாப் மவுஸ் நின்னு போகுது”

பி.டி.டி. என்பது டிரான்ஸ்மிட் செய்ய அழுத்தும் பட்டன். எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை) போடுகிறவர்களுக்கு இதன் முகம் வேறு மாதிரி: டிரான்ஸ்மிட் தொடங்கிய நொடியில் யு.எஸ்.பி. அறுந்து, ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே மாட்டிக்கொள்ளும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் வெளிக்கரண்ட் ரிக், யு.எஸ்.பி., லேப்டாப், சார்ஜர், வீட்டு வயரிங் என்று போய்க்கொண்டிருக்கிறது. பவரைப் பாதியாகக் குறைத்தும் மாறாவிட்டால் யு.எஸ்.பி. கேபிளையே மாற்றிப் பாருங்கள். சில மலிவு கேபிளில் உறைப் பின்னலே கிடையாது.

காலிங் பெல், டச் சுவிட்ச் விளக்கு, சி.சி.டி.வி. இவற்றுக்கு ஒரு எச்சரிக்கை. டைபோலின் ஒரு கை வீட்டு வயரிங்குக்கு இரண்டு மூன்று மீட்டரில் போனால், வெளிக்கரண்ட் பூஜ்யமாக இருந்தாலும் பெல் அடிக்கும். அது நேரடிக் கதிர்வீச்சு. கிளிப்பில் அளவு சுத்தமாக இருந்தும் பெல் அடித்தால் சோக்கை நொந்து பயனில்லை. ஆன்டெனாவை உயர்த்துங்கள், அல்லது பெல் வயரில் ஃபெரைட் போடுங்கள்.

“கேட்கவே முடியலை, எஸ்-7 இரைச்சல்”

எஸ்-7 என்பது ரிக்கின் சிக்னல் மீட்டர் காட்டும் அளவு. இதை யாரும் வெளிக்கரண்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. உண்மையில் சோக்கால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இங்கேதான். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், சோலார் பேனலின் கன்வெர்ட்டர் எல்லாம் வீட்டு வயரிங்கில் இரைச்சலைத் துப்புகின்றன. அது ரிக்கின் எர்த் வழியாகக் கேபிளின் வெளித்தோலில் ஏறி, மேலே போய், டைபோல் முனையில் உள்ளே புகுந்து, சிக்னல் வேஷத்தில் கீழே வரும்.

கண்டுபிடிக்க: ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் போட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். கேட்க மட்டும் என்றால் 7 ஆம்பியர்-மணி பேட்டரியே சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்ததும் அதுதான் உயிர்பெற்று அதிக இரைச்சல் போடும், ஏமாந்துவிடாதீர்கள். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள்.

எந்த வழியாக வருகிறது என்று பார்க்க, மெயினைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய் டைபோலைக் கழற்றி, கேபிளின் மேல்முனையில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுங்கள். டிரான்ஸ்மிட் செய்துவிடாதபடி மைக்கைக் கழற்றி வையுங்கள். இப்போது ரிக் அமைதியாக இருக்க வேண்டும். இரைச்சல் இன்னும் கேட்டால் கனெக்டரின் பின்னல் இணைப்போ கேபிளின் பின்னலோ கெட்டிருக்கிறது. சோக் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். அமைதியாகிவிட்டால், அந்த ரெசிஸ்டரை எடுத்து டைபோலின் ஒரு கையை மட்டும், பின்னல் பக்கத்துக் கையை, கழற்றிவிட்டு மறு கையை மாட்டுங்கள். இரைச்சல் முன்பைவிட ஏறினால் வெளித்தோல்தான் வழி. சோக் போட்டால் எஸ்-7 என்பது எஸ்-4, எஸ்-3 வரை இறங்கக்கூடும். அசையவே இல்லை என்றால் இரைச்சல் காற்றில் வருகிறது. பக்கத்துக் கம்பத்து இன்சுலேட்டரோ அடுத்த வீட்டு இன்வெர்ட்டரோ.

“பேலன் போட்டாச்சு, ஒரு மாற்றமும் இல்லை”

இதற்குக் காரணங்கள் பல. அடிக்கடி பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறோம்.

வாங்கியது 4:1 பேலனாக இருக்கலாம். சாதாரண டைபோலுக்கு அது எஸ்.டபிள்யூ.ஆரைக் கெடுக்கும், அவ்வளவுதான். 1:1 என்று எழுதியிருந்தாலும் வோல்டேஜ் பேலன் என்றால் இரு கையிலும் சம வோல்டேஜ் கொடுக்குமே தவிர வெளிக்கரண்டைத் தடுக்காது. நம் தேவைக்கு கரண்ட் பேலன், அதாவது சோக்.

சோக் சரி, இடம் தவறாக இருக்கலாம். நடுமுனையிலிருந்து 2 மீட்டர் கீழே வைத்தால், அந்த 2 மீட்டர் கேபிள் மூன்றாவது கையாகவே நிற்கும். டைபோல் முனைக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

பெட்டியே துரோகம் செய்திருக்கலாம். இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம்: கனெக்டரை ஒரு அலுமினியத் தகட்டில் பொருத்தி, தகட்டை யு-போல்ட்டால் ஜி.ஐ. பைப்பில் இறுக்கியிருப்பார்கள். சோக் தகட்டுக்குக் கீழே. பின்னல் தகட்டைத் தொடுகிறது, தகடு பைப்பைத் தொடுகிறது, பைப் மாடி வரை இறங்குகிறது. கேபிளின் தோல் பூட்டப்பட்டாயிற்று, பைப் திறந்து கிடக்கிறது. மூன்றாவது கை கேபிளிலிருந்து பைப்புக்கு இடம் மாறியதுதான் மிச்சம். டைபோல் பக்கத்து உலோகம் எதுவும் கம்பத்தைத் தொடக்கூடாது. மின்கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸ் போதும். பைப் வேண்டாம் என்றால் கமுகு மரமோ மூங்கிலோ நல்ல கம்பம்தான், உளுத்துப்போகும் முன் அவ்வப்போது மாற்றிக்கொண்டால்.

கேபிள் போகும் பாதையையும் பாருங்கள். மேலிருந்து நேராக இறங்காமல் ஒரு கைக்கு அடியிலேயே தென்னைக்குத் தென்னை ஓடினால், சோக்குக்குக் கீழே உள்ள தோலில் அந்தக் கை புதிதாகக் கரண்டைத் தூண்டும். சோக்கால் இதைத் தடுக்க முடியாது. டைபோலுக்குச் செங்குத்தாக, முடிந்தால் கால் அலை தூரமாவது இறக்குங்கள். இடம் இல்லை என்றால் வீட்டுக்குள் நுழையுமிடத்துச் சோக் கட்டாயம். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் கட்டுகிறவர்கள் ஒரு கை இலைக்குள்ளும் ஒரு கை வெட்டவெளியிலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகர ஷீட் கொட்டகைக்கு மேல் போகும் கைக்கும் இதே கதை. சமமில்லாத கைகள் எப்போதும் வெளிக்கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, ஒரு கை அறுந்தே போயிருக்கலாம். பின்னல் பக்கத்துக் கை சால்டரில் விட்டுப்போனால் கேபிளின் தோல் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும், எஸ்.டபிள்யூ.ஆர் 2க்குள் நின்று ஏமாற்றவும் செய்யும். கிளிப்பில் அளவு திடீரென்று மும்மடங்கானால் முதலில் ஆன்டெனாவை இறக்கிப் பாருங்கள்.

“அஞ்சு நிமிஷம் பேசினா எஸ்.டபிள்யூ.ஆர் ஏறிட்டே போகுது”

டிரான்ஸ்மிட்டை நிறுத்திவிட்டு, ரிக்கை அணைத்துவிட்டு, சோக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஃபெரைட் விழுங்கிக்கொண்டிருக்கிறது. பலரும் உடனே ‘பெரிய பவர் தாங்கும்’ வளையம் தேடுவார்கள். வேண்டியது அதுவல்ல. சில நூறு ஓம் தடை உள்ள அரைகுறைச் சோக்கில்தான் சூடு அதிகம்: கரண்டும் நிற்காது, தடையும் இருக்கும். தடையைப் பல ஆயிரம் ஓமாக ஏற்றினால் கரண்டே குறைந்து சூடும் இறங்கும். ஆகவே சுற்று எண்ணிக்கையைச் சரிபாருங்கள், அல்லது இன்னொரு சோக்கைத் தொடராகப் போடுங்கள். எஃப்.டி.8 போன்ற முழு நேரக் கேரியரில் 100 வாட்டை 40 வாட்டாக்குவது அதுவரை தற்காலிக மருந்து.

“சோக் போட்டதும் எஸ்.டபிள்யூ.ஆர் கெட்டுப் போச்சு”

பயப்பட ஒன்றுமில்லை. முன்பு நீங்கள் வெட்டி ட்யூன் செய்தது மூன்று கை ஆன்டெனாவை. இப்போதுதான் உண்மையான டைபோல் தெரிகிறது. கணக்கு: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 7.1க்கு 20.14 மீட்டர், ஒரு கை 10.07. பி.வி.சி. உறை போட்ட வீட்டு வயரிங் கம்பி என்றால் இன்னும் 2 முதல் 4 சதவீதம் குறையும். ஆனால் முதலில் நீளமாகவே விடுங்கள். சோக் போட்டபின் எஸ்.டபிள்யூ.ஆர் பள்ளம் 6.95 மெகாஹெர்ட்ஸில் விழுந்தால் மொத்தத்தில் 43 செ.மீ., ஒவ்வொரு கையிலும் 21 செ.மீ. குறைக்க வேண்டும். வெட்டாதீர்கள்; நுனியை மடித்து அதே கம்பியில் நெருக்கமாக முறுக்கினால் போதும். அடுத்த முறை நீட்ட வேண்டி வந்தால் கம்பி கையில் இருக்கும்.

“மழை பெய்தா மட்டும், காத்து அடிச்சா மட்டும்”

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றில் கேபிள் ஊஞ்சலாடும். முள் கேபிளின் ஆட்டத்தோடு மெல்ல மெல்ல ஏறி இறங்கினால் வெளிக்கரண்ட். வெடுக் வெடுக்கென்று குதித்தால் இணைப்பு விட்டிருக்கிறது. சோக் தேட வேண்டாம், சால்டரிங் அயர்னை எடுங்கள்.

மழைக்குப் பிறகு ஏறி, இரண்டு நாள் வெயிலில் இறங்கும் எஸ்.டபிள்யூ.ஆர் கேபிளுக்குள் தண்ணீர். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி கடலோரத்தில் உப்புக்காற்று பின்னலைப் பச்சைக் களிம்பாக்கிவிடும், ஆர்.ஜி.-6இன் அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிரும். பின்னல் கெட்டால் உட்பக்கக் கரண்ட் வெளியே கசியும், அப்போது என்ன சோக் போட்டாலும் பலன் இல்லை. கேபிள் முனையில் ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அரை மீட்டர் வெட்டியும் வரவில்லை என்றால் கேபிளையே மாற்றுங்கள்.

மூட்டுக்குச் சிலிக்கான் பூசும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரிப் புளிச்ச வாடை அடிப்பது செம்பை அரிக்கும்; வாடையில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப், அதற்கும் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப், கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற முறையில்.

சோக் பெட்டியை எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் வேர்க்கும். அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். துளைக்கு உள்பக்கம் ஒரு துண்டு கொசுவலை ஒட்டாவிட்டால் அடுத்த ஐப்பசிக்குள் எறும்போ குளவியோ குடியேறி மண் அப்பி வைத்திருக்கும். அந்த ஈர மண் டெர்மினல் இரண்டையும் தொட்டுவிட்டால் மறுபடியும் முதல் அறிகுறியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.